பெர்லினில் தங்கம், ஓவலில் பெஞ்ச்... ஒரே நாளில் இரண்டு அணிகள்! யார் இந்த எம்.ஜே.கோபாலன்?

1936, ஆகஸ்ட் 15. சுதந்திர தினமாக அந்தத் தேதி மாற இன்னும் 11 வருஷம் இருக்கு. அன்னிக்கு ஒரே நாளில் இரண்டு இந்திய அணிகள் ஐரோப்பாவில் களமிறங்கின. பெர்லினில் ஒலிம்பிக் ஹாக்கி இறுதிப்போட்டி. தியான் சந்த் தலைமையிலான இந்தியா, ஜெர்மனியை 8-1 என்று அடித்துத் தங்கம் வாங்கியது. லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. அதில் வாலி ஹாமண்ட் 217 ரன் குவிக்க, இந்தியா 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது.

இந்த இரண்டு அணிகளில் எதில் சேருவது என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருந்தவர் ஒரே ஒரு மெட்ராஸ்காரர். பெயர் மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலன். சுருக்கமாக எம்.ஜே.கோபாலன். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஓவல் டெஸ்டில் ஆடும் 11 பேரில் அவர் இல்லை. லார்ட்ஸில் இல்லை. மான்செஸ்டரிலும் இல்லை. அந்தத் தொடரின் மூன்று டெஸ்டிலும் அவருக்கு இடம் கிடைக்கவே இல்லை.

இப்போ ஐபிஎல் சீசன் வந்தாலே எல்லாரும் பேசுவது 'பெஞ்ச் ஸ்ட்ரெங்த்' பற்றித்தான். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் எவ்வளவு தரமோ, அவ்வளவுதான் அந்த அணியின் ஆயுள் என்கிறார்கள். சரிதான். ஆனா பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனின் கதையை யாரும் சொல்வதில்லை. கோபாலனின் வாழ்க்கை அந்தக் கதைதான்.

மொரப்பாக்கத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு

கிரிக்கெட் பதிவுகளின்படி கோபாலன் பிறந்தது 1909 ஜூன் 6. ஊர், செங்கல்பட்டு பக்கத்து மொரப்பாக்கம். பெயருக்கு முன்னால் இருக்கும் 'எம்' அந்த ஊர்தான். சின்ன வயதிலேயே குடும்பம் மெட்ராஸுக்குக் குடிபெயர்ந்தது. திருவல்லிக்கேணி வாசம். அப்போதைய மெட்ராஸில் கிரிக்கெட் பைத்தியம் பிடித்த பகுதிகளில் அதுவும் ஒன்று. சேப்பாக்கம் மைதானம் நடந்து போகும் தூரம். ஆனால் அந்த மைதானம் அப்போது வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் கையில் இருந்தது.

கோபாலனைக் கண்டெடுத்தவரும் ஒரு வெள்ளைக்காரர்தான். சி.பி.ஜான்ஸ்டன். கேம்பிரிட்ஜில் படித்து, கென்ட் கவுன்டி அணிக்கு ஆடியவர். மெட்ராஸில் பர்மா ஷெல் எண்ணெய் கம்பெனியில் அதிகாரி. வேகமாகப் பந்து வீசும் இந்தப் பையனைப் பார்த்தார், கம்பெனியிலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். இன்றைய பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம். கிரிக்கெட் ஆடினால் காசு கிடைக்காத காலம் அது. மாதச் சம்பளமும் வேணும், மேட்ச் ஆட லீவும் வேணும் என்றால், விளையாட்டை மதிக்கும் முதலாளி கிடைத்தால்தான் உண்டு. மகாராஜாக்கள் தயவில் பலர் ஆடினார்கள். கோபாலனுக்கு எண்ணெய் கம்பெனி.

1926-27 சீசனில் முதல்தரக் கிரிக்கெட்டில் அறிமுகம். அப்போது தென்னிந்தியாவின் மிகப்பெரிய போட்டி, பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் நடக்கும் பிரசிடென்சி மேட்ச். ஒரு பக்கம் இந்தியர்கள், இன்னொரு பக்கம் ஐரோப்பியர்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கு. ஐரோப்பியர் அணியின் முக்கியமான பேட்ஸ்மேன் யார் தெரியுமா? அதே ஜான்ஸ்டன்தான். வேலை வாங்கிக் கொடுத்த ஆபீசருக்கே பொங்கலுக்குப் பொங்கல் பந்து வீச வேண்டும்.

கோபாலனுக்கு இன்னொரு கையில் ஹாக்கி மட்டை. இரண்டு ஆட்டத்திலும் மாகாண அளவைத் தாண்டி இந்திய அளவுக்கு வளர்ந்தார். அந்தக் காலத்தில் இரண்டு விளையாட்டு ஆடுவது அபூர்வம் இல்லை. ஆனால் இரண்டிலும் நாட்டுக்காக ஆடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஒரே ஒரு டெஸ்ட்

1933-34ல் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து அணி இந்தியா வந்தது. இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் தொடர் அது. கேப்டன் சி.கே.நாயுடு. பம்பாயில் முதல் டெஸ்ட் தோல்வி. இரண்டாவது டெஸ்ட் 1934 ஜனவரியில் கல்கத்தா ஈடன் கார்டன்ஸில். அங்கே இந்தியாவுக்கு நான்கு புதுமுகங்கள்: திலாவர் ஹுசேன், முஷ்டாக் அலி, சி.எஸ்.நாயுடு, நம்ம கோபாலன்.

அந்த டெஸ்டில் திலாவர் ஹுசேன் செய்தது தனிக்கதை. விக்கெட் கீப்பர். பேட்டிங்கில் தலையில் அடி வாங்கி வெளியேறினார். கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து 59 ரன். அடுத்த இன்னிங்ஸில் 57. ஹெல்மெட் என்ற சொல்லே கிரிக்கெட்டில் இல்லாத காலம். இன்று தலையில் அடிபட்டால் மாற்று வீரர் வந்து பேட்டும் செய்யலாம், பந்தும் வீசலாம். அன்று மாற்று ஆள் ஃபீல்டிங் மட்டும்தான். அடிபட்டவன் எழுந்து வந்தால் ரன், இல்லையென்றால் ஒரு விக்கெட் குறைவு.

கோபாலன் முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 11, அடுத்ததில் 7. பந்துவீச்சில் ஒரு விக்கெட். போட்டி டிரா. மோசம் என்றும் சொல்ல முடியாது, கவனம் ஈர்த்தது என்றும் சொல்ல முடியாது. முதல் டெஸ்டில் பலருக்கும் நடப்பதுதான்.

அடுத்த டெஸ்ட் எங்கே தெரியுமா? சேப்பாக்கம். 1934 பிப்ரவரி. மெட்ராஸில் நடந்த முதல் டெஸ்ட் போட்டியே அதுதான். திருவல்லிக்கேணியில் வளர்ந்த பையன், போன டெஸ்டில் ஆடியவன், சொந்த ஊர் டெஸ்டில் அணியில் இல்லை! அமர் சிங் ஒரே இன்னிங்ஸில் 7 விக்கெட் எடுத்தும் இந்தியா 202 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அதற்குப் பிறகு கோபாலன் டெஸ்ட் ஆடவே இல்லை. அதாவது, 24 வயதில் அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்துவிட்டது. அது அவருக்கு அப்போது தெரியாது.

ரஞ்சியின் முதல் பந்து

அதே 1934, நவம்பர் 4. ரஞ்சி கோப்பை தொடங்குகிறது. முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில், மெட்ராஸ் - மைசூர். ரஞ்சி வரலாற்றின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே.கோபாலன். வினாடி வினாவில் அவர் பெயர் இன்றும் வருவது இந்தக் கேள்விக்குத்தான்.

அந்த மேட்ச் ஒரே நாளில் முடிந்துவிட்டது என்பது கூடுதல் சுவாரஸ்யம். மைசூர் 48க்கு ஆல் அவுட். மெட்ராஸ் 130. மறுபடி மைசூர் 59. இன்னிங்ஸ், 23 ரன் வித்தியாசத்தில் வெற்றி. ஏ.ஜி.ராம் சிங் 35 ரன் கொடுத்து மொத்தம் 11 விக்கெட். கேப்டன், ஆமாம், அதே ஜான்ஸ்டன்.

அந்த மெட்ராஸ் அணிக்கு இரண்டு கைகள் பலமாக இருந்தன, கோபாலனின் வேகமும் ராம் சிங்கின் சுழலும். ஆனால் கோப்பை வரவில்லை. 1935-36 இறுதிப்போட்டியில் பம்பாயிடம் தோல்வி. 1940-41 இறுதிப்போட்டியில் மகாராஷ்டிராவிடம் தோல்வி. மெட்ராஸ் முதல்முறையாக ரஞ்சி ஜெயித்தது 1954-55ல். அதற்குள் கோபாலன் ஓய்வு பெற்றிருந்தார்.

ஏன் பம்பாய் ஜெயித்துக்கொண்டே இருந்தது? இந்தக் கேள்விக்குப் பிற்காலம் தெளிவாகப் பதில் சொன்னது. 1958-59 முதல் 1972-73 வரை தொடர்ந்து 15 முறை ரஞ்சி கோப்பை பம்பாய்க்கு. நட்சத்திரங்கள் இந்திய அணிக்காக வெளியே போயிருந்தபோதும் அந்த வெற்றி நிற்கவில்லை. மைதானம், கிளப், ஆபீஸ் அணிகள் என்று கீழே இருந்து ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். 15வது கோப்பையை அவர்கள் வாங்கியது நம்ம சேப்பாக்கத்தில், தமிழ்நாட்டை 80க்கும் 61க்கும் சுருட்டி. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே மேட்ச் முடிந்தது. நமக்கு வலிக்கும் கணக்கு, விடுங்க.

இந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது?

அமெரிக்க பேஸ்பாலை எடுத்துக்கொண்டால் இது இன்னும் பச்சையாகத் தெரியும். மேஜர் லீகில் ஒரு அணி ஒரு சீசனுக்கு 162 ஆட்டம் ஆட வேண்டும். ஒரு ஆட்டத்துக்குத் தயாராக 26 பேர். ஒப்பந்தப் பட்டியலில் 40 பேர். அதற்கும் கீழே மைனர் லீக் அணிகளில் இளைஞர்கள் வரிசை. 162 நாள் ஒரே பிட்சர் தோள் தாங்காது. யாருக்காவது கை பிசகும், யாருக்காவது ஃபார்ம் போகும். அப்போது கீழே இருந்து ஏறி வருபவன் எவ்வளவு தரம் என்பதில்தான் செப்டம்பர் மாதப் பட்டியலில் அணியின் இடம் இருக்கு.

ஐபிஎல் அணிகளும் 18 முதல் 25 பேர் வரை வைத்துக்கொள்வது இதற்குத்தான். 2023ல் 'இம்பாக்ட் பிளேயர்' விதி வந்த பிறகு பன்னிரண்டாவது ஆளுக்கும் நேரடியாக வேலை வந்துவிட்டது.

இது பெரிய லீக் சமாச்சாரம் மட்டும் இல்லை. எங்க பழவேற்காடு பக்கம் மீனவ கிராமங்களில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடத்துபவர்களைக் கேட்டால், 11 பேர் கொண்ட டீம் டீமே இல்லை என்பார்கள். கடல் அனுமதித்தால் பாதிப் பேர் விடியற்காலையிலேயே படகில் ஏறிவிடுவார்கள். ஏரியில் வலை போடும் இடத்துக்கு முறை வைத்துக் குலுக்கல் போடும் 'பாடு' வழக்கம் அங்கே இருக்கு. யாருக்குப் பாடு வந்திருக்கோ அவன் மேட்சுக்கு வரமாட்டான். சோறு முக்கியமா, ஓப்பனிங் பேட்டிங் முக்கியமா? அதனால் பேர் கொடுக்கும்போதே கூடுதல் ஆள் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். பாடு முறையில் ஒரு நியாயம் உண்டு, கவனிச்சுப் பாருங்க. எல்லாருக்கும் முறை வரும். அணியின் பெஞ்சில் அப்படி உத்தரவாதம் கிடையாது. கோபாலனுக்கு முறை வரவில்லை.

1935: தியான் சந்தோடு ஒரு கப்பல் பயணம்

1935ல் இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கம் போனது. கேப்டன் தியான் சந்த். அந்த அணியில் கோபாலனும் இருந்தார். அது சாதாரண சுற்றுப்பயணம் இல்லை, ஊர் ஊராகக் கோல் மழை. தியான் சந்த் ஒருவரே அந்தப் பயணத்தில் 200 கோல் அடித்ததாகக் கணக்கு.

1928ல் தங்கம், 1932ல் தங்கம், அடுத்தது பெர்லின். உலகில் இந்தியா உறுதியாக ஜெயிக்கும் என்று எல்லாரும் நம்பிய ஒரே விளையாட்டு ஹாக்கி. டெஸ்ட் கிரிக்கெட்டில் அதுவரை இந்தியா ஒரு போட்டிகூட ஜெயித்தது கிடையாது. முதல் டெஸ்ட் வெற்றிக்கு 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் நம்ம சேப்பாக்கத்தில்தான்.

1936ல் இரண்டு பயணமும் ஒரே கோடையில் வந்து விழுந்தன. இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணியில் கோபாலன் பெயர் இருந்தது. ஹாக்கி அணியோடு ஒலிம்பிக் போகும் வாய்ப்பும் கையில் இருந்தது. வயது 27. வேகப்பந்து வீச்சாளருக்கு உச்சமான வயது. அவர் கிரிக்கெட் கப்பலில் ஏறினார்.

இன்றைக்குப் பின்னால் இருந்து பார்த்து, அது முட்டாள்தனம் என்று சொல்வது ஈஸி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏற்கெனவே ஒரு டெஸ்ட் ஆடியவர், ரஞ்சி இறுதிப்போட்டி வரை போன மாகாண அணியின் முன்னணி பந்துவீச்சாளர், லார்ட்ஸில் பந்து வீசும் கனவை விட்டுவிட வேண்டும் என்று எப்படி எதிர்பார்ப்பது? தவிர, ஹாக்கி அணியிலும் ஆடும் இடம் நிச்சயம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பேப்பரில் பலமான அணி, களத்தில்?

1936 கிரிக்கெட் அணியை இப்போது பட்டியல் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். விஜய் மெர்ச்சன்ட், முஷ்டாக் அலி, சி.கே.நாயுடு, வசீர் அலி, லாலா அமர்நாத், முகமது நிசார், ஜஹாங்கீர் கான். லங்காஷயர் லீகில் கோல்ன் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்த அமர் சிங்கை டெஸ்ட் போட்டிகளுக்கு வரவழைத்துக்கொண்டார்கள். ஆழமான ஸ்குவாட் என்றால் இதுதான்.

ஆனா ஸ்குவாட் ஆழமா இருந்தா மட்டும் போதாது, அதைப் பயன்படுத்தும் தலை வேணும். கேப்டன் யார்? விஜயநகரம் மகாராஜ்குமார், 'விஸ்ஸி'. பணமும் செல்வாக்கும் அவரைக் கேப்டன் ஆக்கின. மூன்று டெஸ்டில் அவர் எடுத்த மொத்த ரன் 33. ஆடும் 11 பேரில் ஒரு இடம் எப்போதும் அவருக்கே. அதாவது, இந்தியா 10 பேரோடு ஆடியது என்றே சொல்லலாம்.

அதோடு நிற்கவில்லை. பயணத்தில் நல்ல ஃபார்மில் இருந்த அமர்நாத்தை, முதல் டெஸ்டுக்கு முன்பே ஒழுங்கீனம் என்று சொல்லி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். எசெக்ஸ் அணிக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தவர் அவர். கேப்டன் பக்கம் ஒரு கோஷ்டி, சி.கே.நாயுடு பக்கம் ஒரு கோஷ்டி. ஊர் திரும்பிய பிறகு இதை விசாரிக்க பியூமான்ட் கமிட்டி போட வேண்டிய அளவுக்குப் போனது.

லார்ட்ஸில் முதல் இன்னிங்ஸில் இந்தியா 147, இங்கிலாந்து 134. அமர் சிங் 35 ரன் கொடுத்து 6 விக்கெட். முன்னிலை எடுத்த மேட்சில், அடுத்த இன்னிங்ஸில் 93க்குச் சுருண்டு தோல்வி. மான்செஸ்டரில் மெர்ச்சன்ட் - முஷ்டாக் அலி தொடக்க ஜோடி 203 ரன் குவித்து டிரா. ஓவலில் மீண்டும் தோல்வி. தொடர் 0-2.

கோபாலனுக்கு ஏன் இடமில்லை? கோஷ்டி அரசியலை மட்டும் காரணம் சொன்னால் நேர்மையாக இருக்காது. அவர் வேகப்பந்து வீச்சாளர். அந்த இடத்தில்தான் இந்தியாவிடம் உலகத்தரமான ஜோடி இருந்தது. நிசாரும் அமர் சிங்கும். மூன்றாவதாக ஜஹாங்கீர் கான். பேட்டிங் வரிசையில் ஓட்டை இருந்தது, வேகப்பந்தில் இல்லை. அணிக்கு எங்கே ஆழம் அதிகமோ, அங்கே வந்து நிற்பவனுக்குத்தான் காத்திருப்பு அதிகம். வங்காளத்தின் ஷூட் பானர்ஜிக்கும் அதே கதி. அவரும் அந்தப் பயணத்தில் டெஸ்ட் ஆடவில்லை. 1949ல்தான் ஒரு டெஸ்ட் கிடைத்தது. அதுவே முதலும் கடைசியும்.

இன்னொரு மெட்ராஸ்காரருக்குக் கதை தலைகீழ். சி.ராமசுவாமி. மெட்ராஸ் கிரிக்கெட்டை வளர்த்த புச்சி பாபு நாயுடுவின் மகன். 1922ல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்கு ஆடியவர். 1936ல் அவருக்கு வயது 40. அந்த வயதில் யாரும் அவரிடம் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஆனால் பேட்டிங்கில் ஓட்டை இருந்ததே? மான்செஸ்டரில் வாய்ப்பு வந்தது. 40, 60. ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. இரண்டே டெஸ்ட், 170 ரன், சராசரி 56க்கு மேல். அந்த அணியில் உட்கார்ந்திருந்த ஆட்களின் தரம் என்ன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அவரை லார்ட்ஸிலேயே இறக்கியிருந்தால் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கு.

பெர்லினில் நடந்தது வேறு

அதே நேரம் ஹாக்கி அணிக்கும் சிக்கல் வந்தது. பெர்லின் போய் இறங்கியதும் ஜூலை 17ல் ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம். இந்தியா 1-4 என்று தோற்றது. உலக சாம்பியனுக்கு அது பெரிய அதிர்ச்சி. முன்களத்தில் ஒரு ஆள் போதவில்லை என்று தியான் சந்துக்குப் புரிந்துவிட்டது. அப்போது ஹாக்கியில் ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றும் வழக்கம் இல்லை. இறங்கிய 11 பேர்தான் கடைசிவரை. யாரை இறக்குவது என்பதில்தான் எல்லாமே.

இந்தியாவுக்குத் தந்தி பறந்தது. அலி தாராவை உடனே அனுப்பச் சொல்லி. விமானப் பயணம் என்பது பணக்காரர்களுக்கே எட்டாத காலத்தில், தாரா விமானத்தில் பெர்லின் வந்து சேர்ந்தார். லீக் சுற்றில் ஹங்கேரியை 4-0, அமெரிக்காவை 7-0, ஜப்பானை 9-0 என்று ஜெயித்த அணி, அரையிறுதியில் தாராவையும் சேர்த்துக்கொண்டு பிரான்ஸை 10-0 என்று வென்றது. இறுதிப்போட்டி ஆகஸ்ட் 14ல் நடக்க வேண்டியது, மழையால் ஒரு நாள் தள்ளிப்போனது. இடைவேளையில் 1-0தான். அதன் பிறகு 7 கோல். தொடர் முழுக்க 38 கோல் அடித்து, வாங்கியது ஒன்றே ஒன்று.

இரண்டு அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒரு கேப்டன் தன் அணியின் குறையை ஒத்துக்கொண்டு கடல் தாண்டி ஆள் வரவழைத்தார். இன்னொரு கேப்டன் கையில் இருந்த நல்ல ஆளைக் கடல் தாண்டி அனுப்பி வைத்தார்.

தாரா அன்று பெர்லினில் தங்கம் வாங்கியபோது, கோபாலன் இங்கிலாந்தில் கிரிக்கெட் அணியோடு இருந்தார்.

திரும்பி வந்த பிறகு

அடுத்த டெஸ்டுக்கு இந்தியா 1946 வரை காத்திருந்தது. நடுவில் இரண்டாம் உலகப்போர். கோபாலனுக்கு 27 வயதில் மூடிய கதவு, மறுபடி திறக்கும்போது வயது 37. அடுத்த ஒலிம்பிக் 1948ல்தான். அவருடைய தலைமுறையில் பலருக்கும் நடந்தது இதுதான்.

ஆனால் அவர் ஆட்டத்தை விடவில்லை. மெட்ராஸுக்காக ரஞ்சி, பொங்கலுக்குப் பிரசிடென்சி மேட்ச் என்று தொடர்ந்தார். மாகாண அணிக்குக் கேப்டனாகவும் இருந்தார். 1951-52 வரை, அதாவது 42 வயது வரை முதல்தரக் கிரிக்கெட். கிட்டத்தட்ட 200 விக்கெட். 25 சீசன் ஒரு வேகப்பந்து வீச்சாளர் தாக்குப்பிடிப்பது இன்றைய ஃபிசியோ, ஐஸ் பாத் வசதியோடும் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். இந்திய அணியில் பெஞ்சில் இருந்தவர், மெட்ராஸில் அணியே சாய்ந்து நின்ற தூண். ஆழம் என்பது எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது போல.

1952-53ல் அவர் பெயரிலேயே ஒரு கோப்பை தொடங்கியது. எம்.ஜே.கோபாலன் டிராபி, மெட்ராஸ் - சிலோன் அணிகளுக்கு இடையே ஆண்டுதோறும் முதல்தரப் போட்டி. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981ல்தான். அதற்கு முன்னால், சர்வதேச ஆட்டம் அபூர்வமாகக் கிடைத்த இலங்கை வீரர்களுக்கு இந்தப் போட்டி பெரிய மேடை. நம்ம ஊர் இளைஞர்களுக்கும் அப்படியே. இந்திய அணி வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு ஒரு வெளிநாட்டு அணியோடு மோதிப் பார்க்கும் வாய்ப்பு. 50களில் கோபாலன் தேசியத் தேர்வாளராகவும் இருந்தார். யார் ஆட வேண்டும், யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்யும் மேஜையின் இந்தப் பக்கமும் வந்து பார்த்துவிட்டார்.

2021 ஜனவரி, பிரிஸ்பேன் காபா டெஸ்ட் நினைவிருக்கா? காயத்தால் முன்னணி பந்துவீச்சாளர்கள் வரிசையாகக் கழன்றுகொள்ள, சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் ஒரே நாளில் டெஸ்ட் அறிமுகம் ஆனார்கள். நடராஜன் அந்தப் பயணத்துக்குக் கிளம்பியது வலைப்பயிற்சியில் பந்து வீச. முதல் இன்னிங்ஸில் இருவருக்கும் தலா 3 விக்கெட். ஷர்துல் தாக்கூரோடு சேர்ந்து சுந்தர் போட்ட 123 ரன் பார்ட்னர்ஷிப்தான் மேட்சைக் காப்பாற்றியது. 328 ரன் இலக்கைத் துரத்தி இந்தியா ஜெயித்தது. நடராஜனும் கோபாலனைப் போலவே ஒரே ஒரு டெஸ்டோடு நிற்கிறார். ஆனால் அவர் போன பயணத்தில் கதவு திறந்தது.

எம்.ஜே.கோபாலன் சென்னையில் 2003 டிசம்பர் 21ல், 94 வயதில் காலமானார். உலகில் அப்போது உயிரோடு இருந்த டெஸ்ட் வீரர்களிலேயே வயதில் மூத்தவர் அவர்தான். அந்த இடம் அவருக்குக் கிடைத்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.